டாக்டர் கேட்டது அம்மாவை, பதில் சொன்னது நான்

போன டிசம்பரில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் பயம் விடவில்லை. 76 வயது, மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. அன்றிலிருந்து குளிக்க வைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஆள் போடலாமா வேண்டாமா என்று அண்ணனோடு தினமும் போனில் வாக்குவாதம். கடைசியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024இல் திறந்தார்களே, அந்த முதியோர் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

ஸ்கேன் எழுதித் தருவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் கேட்டதோ, "அம்மா, காலையில எழுந்ததும் என்னென்ன பண்ணுவீங்க?" நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க கொஞ்சம் இருங்க, அவங்க சொல்லட்டும்" என்றார்.

குளிப்பது, உடுத்துவது, கழிவறை, எழுந்து நடமாடுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு விஷயம், எதை ஆள் உதவியில்லாமல் செய்கிறார் என்று பார்ப்பதற்கு. காட்ஸ் என்பவர் 1963இல் வெளியிட்ட அளவுகோலாம். முதுகு தேய்க்க மட்டும் ஆள் வேண்டும் என்றால் அது சுயமாகக் குளிப்பதாகத்தான் கணக்கு, இது எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். 12 விநாடி ஆனாலே விழும் அபாயம் என்று பார்க்கிறார்கள், அம்மாவுக்கு 17. நடை பரவாயில்லை. எழுவதற்குத்தான் கைப்பிடியை அழுத்தி இரண்டு முறை முயன்றார், வீட்டில் நான் கை கொடுத்தே தூக்கிவிடுவதால் இதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது போன், சமையல், கடை, பணம், மருந்து, இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று. இந்தப் பட்டியலில், யாராவது பிரித்து வைத்து எடுத்துச் சாப்பிட்டால் மருந்துக்கு மதிப்பெண் பூஜ்யம். டாக்டர் பையிலிருந்த அட்டைகளை மேசையில் கொட்டினார். அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, மெட்ஃபார்மின் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், "இது சுகருக்கு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டதும்" என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்று மாதமாக நான் எதற்குப் பிரித்துக் கொடுத்தேன்?

சமையல் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு தடவை பாலை வச்சுட்டு மறந்துட்டேன் டாக்டர், இவகிட்ட சொல்லல" என்றார். நான் பதில் சொல்லியிருந்தால் "சமையல் நல்லா பண்ணுவாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாபகத்துக்குத் தனியாக ஒரு பரிசோதனை எழுதியிருக்கிறார்கள், அடுத்த வாரம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினம் இரண்டு வேளை, பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி. கூட்டிப் போகிறவர்கள் கண்ணாடி, காது மெஷின், எல்லா மாத்திரையும் எடுத்துப் போங்கள், ஒரு வாரம் முன்பிருந்தே கை கொடுக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள்.

மாத்திரை டப்பா இப்போது அம்மாவிடம். பால் மட்டும் நான் காய்ச்சுகிறேன்.