மாரிக்கு முன் கண்ணாடியும் ஒயில் கம்பியும்

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில், கல்முனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு 10 மணிக்குப் பிறகு மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். களுவாஞ்சிகுடியைக் கடக்கும்போது மழை விட்டிருந்தது. ஆனால் முன்கண்ணாடி மட்டும் பால் பூசியது போல வெளுத்துக்கொண்டே வந்தது. நான் ஒரு கையால் துணியை எடுத்து உட்புறத்தைத் துடைத்தேன், பயனில்லை. ஏசியின் குளிரைக் கூட்டி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். வெண்மை இன்னும் தடித்தது. அருகில் இருந்தவர், "மச்சான், வைப்பரை ஒருக்காப் போட்டுப் பாருங்க" என்றார். ஒரே வீச்சில் பாதை தெரிந்தது. நீர்த்திவலை படிந்திருந்தது கண்ணாடியின் வெளிப்புறத்தில். அத்தனை ஆண்டுகள் கார் ஓட்டிய எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

இது நம் பிரதேசத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்று. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எழுவான்கரையில் மழைக்கால இரவுக் காற்று ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். ஏசிக் காற்று கண்ணாடியை வெளிக்காற்றைவிடக் குளிர வைத்தால், குளிர்ந்த நீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். அப்போது குளிரைக் கூட்டுவது நோயை வளர்ப்பதாகும். வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்ப வேண்டும். உட்புறம் படியும் ஆவிக்கு மருந்து வேறு. நனைந்த உடுப்போடு நான்கு பேர் ஏறி எல்லாக் கண்ணாடிகளையும் மூடிக்கொண்டால், மூச்சின் ஈரம் உள்ளே படியும். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்துவோர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும் கருவி என்பதால், அதை மிதமான குளிரில் ஓடவிட்டு, உள்ளேயே சுழலும் காற்றை நிறுத்தி வெளிக்காற்றை உள்ளெடுக்கும்படி மாற்றினால் ஓரிரு நிமிடங்களில் தெளியும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் விரலால் உட்புறத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் போதும்.

வைப்பர் றப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. மாரியில் உழைக்க வேண்டிய அது, கோடையில்தான் சாகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்து வெயிலில் கார் நிற்கும்போது றப்பர் காய்ந்து இறுகிப்போகிறது. அதை நாம் ஐப்பசி கார்த்திகையில் முதல் மழை விழும்போதுதான் கண்டுபிடிக்கிறோம். கண்ணாடியில் தண்ணீரை ஊற்றி வைப்பரை ஓடவிட்டால் அதன் நிலை தெரியும். மெல்லிய கோடுகள் விழுந்தால் றப்பரின் விளிம்பு வெடித்துவிட்டது. துள்ளித் துள்ளி ஓடினால் பெரும்பாலும் கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் இருக்கிறது, அல்லது வைப்பரின் கை வளைந்திருக்கிறது. புதிய றப்பர் வாங்குவதற்கு முன் பழையதை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வரும் கறுப்பைக் கண்டால், அதுவரை எதனால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறோம் என்பது புரியும்.

எண்ணெய்ப்படலம் என்றேனே, அதுவே இரவில் எதிர்வரும் வெளிச்சத்தை வாணமாகச் சிதற வைப்பது. பஸ்களும் டிப்பர்களும் விடும் புகையிலிருந்து அது வெளிப்புறத்தில் படிகிறது. வெயிலில் சூடேறும் டாஷ்போர்ட்டின் பிளாஸ்டிக்கிலிருந்து உட்புறத்திலும் படிகிறது. சுத்தமான கண்ணாடியில் நீர் பரந்து வழியும். படலம் உள்ள இடத்தில் திட்டுத் திட்டாக விலகும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் முழுமையாகக் கழுவி, பழைய பத்திரிகைத் தாளால் உலரத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். கல்லடியில் கடலோரமாக வீடு உள்ளவர்கள் காய்ந்த உப்பின் மேலும் மணலின் மேலும் வைப்பரை ஓடவிடக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகுதான் வைப்பர். இல்லையேல் கண்ணாடியில் விழும் கீறல் கார் உள்ளவரை இருக்கும்.

ஹெட்லைட்டின் மேல்மூடி மஞ்சளாகிப் போன கார்கள் இப்போது அதிகம். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நாம் எல்லோரும் இருந்த வண்டியையே பேணிக் கிழடாக்கினோம். மூடியை நீர் விட்டு, எண் ஏற ஏற நுண்மையாகும் மணல்தாள்களால் 1000, 2000, 3000 என்ற வரிசையில் தேய்த்துப் பொலிஷ் போட்டால் தெளியும், ஆனால் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்று பூசாவிட்டால் சில மாதங்களில் பழையபடி மங்கிவிடும். பற்பசையால் தேய்ப்பவர்களின் கதையும் அதுவே. பெருமழையில் ஹெட்லைட்டை உயர்த்தி அடித்தால் அந்த வெளிச்சம் மழைத்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்த்தி ஓட்டுவதே சரி. நான்கு சிக்னல்களையும் மினுக்கிக்கொண்டு ஓடும் பழக்கத்தை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. பின்னால் வருபவருக்கு அந்த வண்டி நிற்கிறதா, திரும்பப் போகிறதா என்பதே தெரியாமற் போகிறது.

இனி ஒயில். என்னிடம் இருப்பது 1.5 லீற்றர் எஞ்சினுள்ள பழைய டொயோட்டா ஆக்சியோ. ஒயிலின் அழுக்கை வடிக்கும் பில்டரையும் மாற்றினால் அதற்கு வேண்டியது 3.7 லீற்றர் ஒயில். கடையில் கிடைப்பதோ 4 லீற்றர் கேன். ஒரு முறை நான் சேவிசுக்கு விட்ட இடத்தில், வேலை செய்த பொடியன் பழைய பில்டரை அப்படியே விட்டுவிட்டு, கேனில் இருந்த முழு ஒயிலையும் ஊற்றிவிட்டான். காசு கொடுத்தது வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து, ஒயிலின் அளவைக் காட்டும் கம்பியை எஞ்சினிலிருந்து இழுத்துப் பார்த்தபோது மேற்குறிக்கு மேல் விரற்கடை அளவு ஒயில் நின்றது. அளவு மிஞ்சினால் சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும்; நுரைக்குள் காற்று இருப்பதால் அது உராய்வைத் தடுக்காது. குறைவு எவ்வளவு கேடோ, மிகையும் அவ்வளவு கேடு. மறுபடி போய் மேலதிகத்தை வடிக்கச் செய்தேன். அன்றிலிருந்து ஒயில் மாற்றும்போது பக்கத்திலேயே நிற்கிறேன்.

கம்பியைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. கார் சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும், இல்லையேல் மேலே ஏறிய ஒயில் கீழே இறங்கியிராது. ஒரு முறை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்துப் பார்ப்பதே உண்மையான அளவு. பல சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையே ஏறத்தாழ 1 லீற்றர் வித்தியாசம் இருக்கும். வயதான எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும். கசிவு தரையில் தெரியாததால் நாம் ஏமாந்துபோகிறோம். ஒயில் கறுத்திருப்பது குற்றமன்று, அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்வது அதன் வேலை. பால் தேநீர் நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அது தண்ணீர் கலந்ததற்கான அடையாளம்.

"நம்ம ஊர் சூடான ஊர், தடித்த ஒயில்தான் நல்லது" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஒயிலை ஊற்றுவோர் இன்றும் உண்டு. நானும் பல காலம் அதை நம்பினேன். எஞ்சின் சூடேறிய பின் அதன் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாற். நுவரெலியாவில் ஓடினாலும் அக்கரைப்பற்றில் ஓடினாலும் குளிரூட்டும் நீர் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் நிற்கும். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்நிலையில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒயிலின் அழுத்தத்தாலேயே மாற்றும் இக்கால எஞ்சின்களில், நுண்ணிய வழிகளுக்குள் தடித்த ஒயில் காலையில் மெதுவாகவே ஏறும். கையேட்டில் உள்ளதை ஊற்றுவதுதான் என் முடிவு, என்னுடையதற்கு 5டபிள்யூ-30.

எப்போது மாற்றுவது என்பதில் கிலோமீற்றரை மட்டும் பார்க்கக் கூடாது. ஜப்பானில் டொயோட்டா பெற்றோல் கார்களுக்குச் சாதாரண ஓட்டத்தில் 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்றும், கடும் ஓட்டத்தில் அதில் பாதி என்றும் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து பாடசாலைக்கு, அங்கிருந்து சந்தைக்கு என்று சிறு சிறு தூரமாக ஓடுவதும் கடும் ஓட்டமே. எஞ்சின் முழுச் சூட்டை எட்டும் முன் நின்றுவிடுவதால் உள்ளே படிந்த ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வெள்ளாமை வெட்டும் காலத்தில் ஓடுவோருக்கு வைக்கோல் தூசியும் சேர்கிறது. எயார் பில்டரைத் தட்டிப் பார்த்தால் தெரியும். ஆகவே நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதிலும் ஒன்று மாரி தொடங்கும் முன் வரும்படி மாற்றுகிறேன்.

வெள்ளத்துக்குள் கார் நின்றுபோனால் திரும்ப ஸ்ராட் செய்து பார்க்கவே கூடாது. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருந்தால், நீர் அமுங்காதது என்பதால் பிஸ்டனின் கை வளைந்துவிடும். தள்ளிக் கரைசேர்த்து மெக்கானிக்கைக் கூப்பிடுவது எவ்வளவோ மலிவு. வாவித் தண்ணீர் பெருகிய பாதையில் ஓடி வந்திருந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பழைய ஒயிலை விசிறும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அது இரும்பைக் காக்கலாம், ஆனால் றப்பர் புஷ்களை ஊதி இளக வைக்கும்; என் காரில் இரண்டு அப்படித்தான் போயின. வடித்த ஒயிலை இப்போது அதே 4 லீற்றர் கேனில் ஊற்றி வைக்கிறேன். மரக்காலையில் வாள் சங்கிலிக்கு விடுவதற்கென்று ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்.