ஐடி நம்பர் தீர்ந்து போன கதை

போன வருஷம் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை மில்லுக்கு சென்சார் டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தேன். பாய்லர், ஸ்டெரிலைசர், டர்பைன்னு மொத்தம் 40 சென்சார், ஒவ்வொன்னும் செகண்டுக்கு 10 ரீடிங். என்ன பெரிய விஷயம்னு போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஒரே டேபிள், முன்னாடி வழக்கம் போல ஒவ்வொரு ரோவுக்கும் (வரிக்கும்) தானா ஏறுற நம்பர் போட ஒரு ஐடி காலம் (column), வேலை முடிஞ்சதுன்னு வந்துட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலைல பசியாற உக்காந்தேன், பாய்லர் அண்ணே போன். "தம்பி, மீட்டர்ல பிரஷர் ஏறி இறங்குது, ஸ்கிரீன்ல கோடு அப்படியே நிக்குது லா."

செகண்டுக்கு 400 ரோ, அப்ப ஒரு நாளைக்கு 34.56 மில்லியன். ஐடிக்கு நான் போட்டது சாதாரண இன்டிஜர் (முழு எண்), அது 2,147,483,647-ல நின்னுரும், அதுக்கு மேல புது ரோ ஏறாது. வகுத்துப் பாருங்க, 62 நாள்தான்! இன்னும் பெரிய நம்பர் தாங்குற பிக்-இன்ட் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன், ஆனா அந்த ஐடியே எதுக்குன்னு அப்புறம்தான் யோசிச்சேன்.

அப்பா தோட்டத்துக் கிராணியா (கணக்கரா) இருந்தவரு, பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) ஒன்னு இன்னும் வீட்டு அலமாரியில கெடக்கு. இடது பக்கம் ஆள் பேரு, மேல தேதி, காலைல பெரட்டுல பேர் கூப்பிட்டதும் அந்தக் கட்டத்துல ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு அவரு நம்பர் போட்டதில்ல, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு கோடு விழவும் இடமில்ல. அதையேதான் செஞ்சேன், சென்சார் நம்பரும் நேரமும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது ஒரு ரோவ அடையாளம் காட்டுற, ரெண்டு தடவ வர முடியாத சாவி. லைன் அறுந்து கேட்வே (சென்சார் ரீடிங்க வாங்கி அனுப்புற பெட்டி) அதே ரீடிங்க மறுபடி அனுப்பினாலும் 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்'னு போட்டா சத்தமில்லாம தள்ளிடும்.

சென்சார் பேரு, யூனிட் எல்லாம் தனி டேபிளுக்குப் போச்சு. முன்னாடி ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒரு கமிட் (எழுதினத உறுதி பண்றது), டிஸ்க் பாவம். இப்ப ஒரு செகண்ட் ரீடிங் மொத்தத்துக்கும் ஒரே கமிட். டேபிள நாளுக்கு ஒரு பார்ட்டிஷனா (துண்டா) பிரிச்சேன், பழசு வேணாம்னா அப்படியே டிராப். டிலீட் பண்ணா செத்த ரோ குவிஞ்சு, அதக் கூட்டிப் பெருக்குற வேக்கம் மூச்சு வாங்கும்.

ஸ்பீடுக்கு எஃப்சிங்க்க (எழுதினது டிஸ்க்குல நிஜமா இறங்கிருச்சான்னு உறுதி பண்றது) ஆஃப் பண்ணுன்னு ஒருத்தர் சொன்னாரு. இடி இடிச்சா கரண்ட் போற ஊருல அதச் செஞ்சா டேட்டாபேஸே கெட்டுப் போயிரும். சிங்க்ரனஸ் கமிட்ட (கமிட் டிஸ்க்குல இறங்குற வரைக்கும் காத்திருக்கிறது) ஆஃப் பண்ணிக்கலாம், டீஃபால்ட் செட்டிங்ல கரண்ட் போனா அதிகபட்சம் கடைசி 0.6 செகண்ட் ரீடிங் போகும், டேபிள் உடையாது.

எல்லாம் மாத்தி முடிக்க ராத்திரி 2 மணி. கேட்வே கையில 6 மணி நேர ரீடிங்தான் இருந்துச்சு, அதுக்கு முந்தினது பாய்லர் அண்ணே லாக் புக்ல மணிக்கு ஒரு தடவ நீலப் பேனாவுல எழுதி வச்சது. அத இன்னும் டேபிள்ல ஏத்தல.