சிவப்பு லைனில் வை சப்வெர்ஸா

லண்டனில் பங்க் என்ற கலக ராக் இசையின் தடம் தேடுபவர்கள் நேரே கேம்டனுக்குப் போகிறார்கள். அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் டி-ஷர்ட் வியாபாரம். வை சப்வெர்ஸா என்ற அனார்க்கோ-பங்க் (அரசே வேண்டாம் என்னும் அனார்க்கிஸ்ட் அரசியலைப் பாடும் பங்க்) பாடகியைத் தேடினால் வழி வேறு: கடற்கரை நகரான பிரைட்டனுக்கு ஒரு ரயில், பிறகு லண்டன் சுரங்க ரயிலான ட்யூபில் சிவப்பு நிறச் சென்ட்ரல் லைன்.

பிரைட்டனில் தொடங்குங்கள். 1935இல் பிறந்த ஃபிரான்சஸ் சொகோலோவ், 1976இல் இங்கேதான் 'பாய்ஸன் கேர்ள்ஸ்' குழுவோடு வை சப்வெர்ஸா ஆனார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, இரண்டு பிள்ளைகள். (பெயரில்தான் கேர்ள்ஸ், கூட வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.) லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு பிரைட்டன் வரை செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று 'தேம்ஸ்லிங்க் மட்டும்' டிக்கெட்டை வாங்கிவிட்டு விக்டோரியாவில் போய் நிற்காதீர்கள். தேம்ஸ்லிங்க் நிறுவன ரயில்கள் லண்டன் பிரிட்ஜ், செயின்ட் பாங்க்ரஸ் வழியாகத்தான் ஓடும்.

மறுநாள் எப்பிங். சென்ட்ரல் லைனின் கிழக்குக் கோடி அது, ஹோபர்னிலிருந்து முக்கால் மணி நேரம். லேட்டன்ஸ்டோனில் தடம் இரண்டாகப் பிரியும். ரயிலின் முகப்பில் 'எப்பிங்' என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். நியூபரி பார்க் வழி போகும் ரயிலில் ஏறிவிட்டால் ஹைனால்ட் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்ற வேண்டும்.

பிரைட்டனை விட்ட குழு எப்பிங் பக்கம் ஒரு வீட்டில் வந்து தங்கியது. இன்னொரு அனார்க்கோ-பங்க் குழுவான 'கிராஸ்' வாழ்ந்த டயல் ஹவுஸ் அங்கிருந்து சில மைல்தான். இரு குழுவும் சேர்ந்து மேடையேறினார்கள், இசைத்தட்டும் போட்டார்கள். எட்டுப் பாடல்கள் கொண்ட 'ஹெக்ஸ்' (1979) தட்டைத் தயாரித்தவர் கிராஸின் பென்னி ரிம்போ. ரயிலில் கேட்க வேண்டியது இதுதான். தாய்மை, டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, மூப்பு என்று அன்றைய பங்க் பையன்கள் தொடாத விஷயங்களை, கரகரத்த அடிக்குரலில், அவசரமில்லாமல் பாடுகிறார் வை. பிள்ளைகளும் சும்மா இல்லை: மகனும் மகளும் 'ஃபேட்டல் மைக்ரோப்ஸ்', பின்னர் 'ருபெல்லா பாலே' குழுக்களில் வாசித்தார்கள்.

டயல் ஹவுஸ், ஆட்கள் குடியிருக்கும் வீடு. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது மரியாதையல்ல. பக்கத்து ஊரான நார்த் வீல்ட் வரை போய் வயல்வெளியில் நடந்தாலே அந்த நிலத்தின் தனிமை புரிந்துவிடும். அங்கே போக ட்யூப் இல்லை. எப்பிங்–ஓங்கர் தடம் 1994இல் மூடப்பட்டது. இப்போது அதில் ஓடும் பழைய ரயில்கள் சில நாட்கள் மட்டுமே, அதுவும் எப்பிங் ட்யூப் நிலையத்துக்குள் வராது. பஸ் நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் லேட்டன்ஸ்டோன், குழு பின்னாளில் குடியேறிய இடம். பார்க்க ஒன்றுமில்லை, தாண்டிவிடலாம்.

ஹோபர்னில் கட்டாயம் இறங்குங்கள். ஐந்து நிமிட நடையில் ரெட் லயன் சதுக்கம், அங்கே கான்வே ஹால். வழக்கில் சிக்கிய அனார்க்கிஸ்டுகளுக்கு நிதி திரட்ட, 1979 செப்டம்பரில் பாய்ஸன் கேர்ள்ஸும் கிராஸும் இங்கே வாசித்த இரவில், நவநாஜிகளும் இடதுசாரிகளும் மோதி ரத்தம் சிந்தியது. மறு ஆண்டு இரு குழுக்களும் ஆளுக்கொரு பக்கமாக வெளியிட்ட சிங்கிள் இசைத்தட்டின் வருமானம், வாப்பிங் கிடங்கு ஒன்றில் 1981இல் தொடங்கிய அனார்க்கிஸ்ட் மையத்துக்குப் போனது. மையம் அடுத்த ஆண்டே மூடிவிட்டது.

அடுத்த நிலையம் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு. 1989இல் கலைந்த குழு, வையின் அறுபதாவது பிறந்தநாளுக்காக 1995இல் மறுபடி கூடி வாசித்த அஸ்டோரியா 2 இங்கே இருந்தது. தேடாதீர்கள்: கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில் தடத்தின் பணிக்காக அரங்கை இடித்துவிட்டார்கள். நீங்கள் ஏறி வரும் எஸ்கலேட்டர் அதற்காகத் தோண்டிய பள்ளத்தின் பக்கத்தில்தான்.