முற்றிய காயாக வாங்கி, வீட்டில் பழுக்க வையுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் சித்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் மாங்காய் ஏற்றிய வண்டிகளே கண்ணில் படும். அவற்றில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்கு. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களான நாங்கள் வீட்டுக்கென்று தேடுவது பங்கனப்பள்ளியையும் இமாம்பசந்தையும், பருவம் முடியும் வேளையில் வரும் நீலத்தையும்தான்.

பழமாக வாங்குவதைவிட முற்றிய காயாக வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு சற்றுக் குழிக்குள் இறங்கியிருந்தால் அது முற்றிய காய். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். முற்றாமல் பறித்த காய் வெம்புமே தவிர இனிக்காது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அந்தக் கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடுவதால் தோல் விரைவில் மஞ்சளாகிவிடும், உள்ளே சதை புளித்தே கிடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். காம்படியை முகர்ந்து பாருங்கள்.

காயைக் காம்போடு பறிப்பது முக்கியம். காம்பு ஒடிந்த இடத்தில் கசியும் பால், வழிந்த வழியெல்லாம் தோலைச் சுட்டுக் கறுப்புக் கோடுகளை விட்டுவிடும். ஆகவே காம்புப் பக்கத்தைக் கீழாகச் சாய்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவித் துடைத்த பிறகே வைக்கோலில் அடுக்க வேண்டும். காயிலிருந்து இயல்பாக வெளிவரும் எத்திலீன் வாயு வைக்கோலுக்குள் தங்கி எல்லாவற்றையும் சீராகப் பழுக்க வைக்கிறது. வைக்கோல் கிடைக்காத வீட்டில் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் போதும். தினமும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அழுகத் தொடங்கியதை உடனே எடுத்துவிடுங்கள்.

காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து கறுக்கும். பின்னர் வெளியே எடுத்து வைத்தாலும் மணம் வராது. நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைத்து, நான்கைந்து நாட்களுக்குள் சாப்பிட்டுவிடலாம்.

சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு பழத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவது எங்கள் வீட்டு வழக்கம். தோலில் ஒட்டிய பாலும் தூசியும் அதில் போய்விடும். நார் இல்லாத பங்கனப்பள்ளியைக் கொட்டையை ஒட்டி அரிந்து, உப்பிட்ட தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் வேறெந்தக் கறியும் வேண்டியதில்லை. நார் மிகுந்த நாட்டுப் பழங்களையோ உள்ளங்கையில் உருட்டிக் குழைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு உறிஞ்சுவதே முறை.

மிஞ்சும் பழங்களுக்கு, கூழை வெயிலில் காயவைத்துச் செய்யும் தாண்ட்ரா இருக்கிறது. கூழை வடிகட்டி, சர்க்கரை அல்லது வெல்லம் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் வையுங்கள். முதல் படலம் கையில் ஒட்டாமல் காய்ந்த பிறகே அதன்மேல் அடுத்ததை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடித்துவிடும்.