ஒரே இடம்தானே சார்?

"ரெண்டு பேருக்கும் ஒரே இடம்தானே சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா, ஏறுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

பிராட்வே பக்கம் அன்று முழங்கால் அளவுத் தண்ணீர். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். தெருவில் தங்குபவர்களை வேனில் ஏற்றிக் காப்பகத்தில் சேர்ப்பது என் வேலை. நானும் டிரைவரும் போனபோது இரவு 11.30 இருக்கும். பூட்டிய கடையின் படிக்கட்டில் இருவரும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்குக் கண் தெரியாது. அந்த அம்மாவின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

குடும்பமாகத் தங்கும் காப்பகம் அன்று நிரம்பிவிட்டது. அது எனக்குத் தெரியும். மீதி இருந்தது ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, நடுவில் 4 கிலோமீட்டர். சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே மின்பெட்டி வேறு. இப்போதும் அந்த மின்பெட்டியைத்தான் சாட்சிக்கு இழுக்கிறேன்.

பெரியவரை முதலில் இறக்கினோம். அவர் விரல்களை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான். "காலையில கூட்டிட்டு வந்துடறேன், ஒரு ராத்திரிதானே" என்றேன். அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவர் விடியும்வரை படுக்கவே இல்லையாம். சுவரைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

நகரங்களில் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு, வீடற்றவர்களுக்கான ஒரு காப்பகமாவது வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிதாகச் சேருபவர்களுக்கு இதை நான்தான் பாடம் எடுப்பேன். கணவன் மனைவியாக வந்தால் எங்கே வைப்பது என்று யாராவது கேட்டால், "குடும்பக் காப்பகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

அப்புறம் நான் மாறினேன். இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்லித்தான் ஏற்றுகிறேன். சரி, அதனால் என்ன ஆயிற்று? சென்ற மழையில் இரண்டு பேர் வரமாட்டேன் என்று நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இவரிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று வார்டு வாசலில் நின்று யோசித்தேன்.

அந்த இருவரும் பழைய படிக்கட்டில்தான் இருக்கிறார்கள். எங்கள் வேனின் சத்தம் பெரியவருக்கு அடையாளம் தெரியும் போலிருக்கிறது. கேட்டதும் முந்தானையைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.