பக்கத்து வீட்டு ஒப்பந்தம்

பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் சாயங்காலமானால் பிள்ளைகள் பந்து விளையாடுவது விமான ஓடுபாதையில். விமானம் வந்தால் சைரன் ஊதும், எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். தீவு அவ்வளவு ஒடுக்கம். நாட்டின் ஜனத்தொகையே சுமார் 11,000தான்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியா இவர்களோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பெயர் ‘ஃபலெபிலி’. நல்ல அண்டைவீட்டாராக இருப்பது என்று அர்த்தமாம். வருஷத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், குலுக்கல் முறையில். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கே, குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்துவிட்டார்கள். (ஊரில் மிச்சம் யார்?)

கடல் ஏறுகிறதே என்ற இரக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான்காவது பிரிவைப் படித்தால் வேறு கதை. வேறெந்த நாட்டோடு துவாலு பாதுகாப்பு உடன்பாடு செய்வதானாலும் ஆஸ்திரேலியா சம்மதிக்க வேண்டும். 2022இல் இன்னொரு பசிபிக் நாடான சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த உதறல் இன்னும் போகவில்லை போல.