கருணைக்கொலை என்று எழுதியதில் தொடங்கிய சிக்கல்

முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்காக, மரண தண்டனையையும் கருணைக்கொலையையும் பற்றி மக்கள் மனதில் இருக்கும் உணர்வை அளக்கப் போனேன். தலைப்புக்கு ஒப்புதல் ஒரே வாரத்தில் கிடைத்தது. இழுத்தடித்தது, மக்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழு.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் விண்ணப்பத்தை நீட்டினால், அலுவலகத்தில் இருந்தவர், "மறுமொழிபெயர்ப்புச் சான்று எங்கம்மா?" என்றார். தமிழாக்கிய கேள்விகளை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றித் தர வேண்டுமாம். அவர்கள் கொடுத்த பட்டியலில் அப்படி ஒரு தாளே இல்லை. குழு அடுத்துக் கூட இரண்டு மாதம். பஸ் ஸ்டாண்டில் அழுதுவிட்டேன். நீங்கள் போகுமுன் போன் செய்து ஒவ்வொரு தாளாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சான்றுக்காக அலைந்தபோதுதான் என் பெரிய தவறு தெரிந்தது. 'யூத்தனேசியா' என்பதை நான் கருணைக்கொலை என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்த ஆங்கிலத்தில் எல்லா வரியிலும் 'கில்லிங்'. தமிழில் அந்தச் சொல்லிலேயே கொலை இருக்கிறது. கேட்டவுடன் முகம் சுளிப்பவர் எதற்குச் சுளிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? விஷ ஊசி போடுவதும், மீளவே முடியாதவருக்குச் செயற்கை சுவாசத்தை நிறுத்துவதும் வேறு வேறு. இரண்டாவதைத்தான் உச்ச நீதிமன்றம் 2018-ல் நிபந்தனைகளோடு ஏற்றது. சொல்லை எடுத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியாக விவரித்து எழுதினேன்.

சிலரிடம் மட்டும் கேட்டுப் பார்த்த முன்னோட்டத்தில் அடுத்த அடி. மரண தண்டனையை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று குறிக்க, ஒரு முனையில் நிம்மதி, மறுமுனையில் வேதனை, நடுவே ஏழு வட்டம். உளவியலாளர் ஆஸ்குட் 1957-லேயே விளக்கிய முறைதான். பாதிப் பேர் நடு வட்டத்தில் குறித்தார்கள். அக்கறையில்லை போல என்று நினைத்தேன். ஒரு ஆட்டோ ஓட்டுநர் அண்ணன்தான் புரியவைத்தார்: "நிர்பயா கேஸ்ல நாலு பேரைத் தூக்குல போட்டப்ப நிம்மதியா இருந்துச்சு. பேரறிவாளன் அம்மா வருஷக்கணக்கா அலைஞ்சதைப் பார்த்தப்ப நெஞ்சு அடைச்சுச்சு. நான் எந்த வட்டத்துல போடட்டும்?"

எதுவும் தோன்றாதவரும், இரண்டும் பலமாகத் தோன்றுபவரும் ஒரே வட்டத்தில்! கப்லான் என்ற ஆய்வாளர் 1972-ல் சொன்ன தீர்வு இதற்குத்தான்: எவ்வளவு நிம்மதி, எவ்வளவு வேதனை என்று தனித்தனியே கேட்பது. மாற்றினேன். மாற்றியதற்கு மறுபடி குழுவின் அனுமதி, மறுபடி பஸ். முன்னோட்டத்துக்கு மட்டும் முதலில் அனுமதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். அப்புறம், 'கூடாது' என்று முடியும் வாக்கியத்துக்கு 'உடன்படவில்லை' என்ற விடையை வைக்காதீர்கள். வயதானவர்கள் தலைகீழாகக் குறித்துவிடுகிறார்கள்.

கடைசியாக விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உலகைவிட்டே அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றிப் பேச்சு இருக்கும் வட்டாரம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போய் நின்றேன். "யாரு தாயி எழுதிட்டு வரச் சொன்னது?" என்றார் ஒரு பாட்டி. அதோடு தெருவே வாயை மூடிக்கொண்டது. வெற்றுத் தாள்களோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனேன். யார் அனுப்பினார்கள், எதற்கு என்பதை முதலில் சொன்னேன். பெயர் எழுத மாட்டேன், யார் வீட்டில் என்ன நடந்தது என்றும் கேட்க மாட்டேன் என்று ஒப்புதல் தாளை நிதானமாக வாசித்துக் காட்டினேன். பாட்டி கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்டு, நிம்மதிக்கும் வேதனைக்கும் இரண்டிலுமே கடைசி வட்டத்தைத் தொட்டார். பேனாவை மூடிவிட்டு, இருட்டும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.